காதுவரை போன கை

நானா, நான் சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது.

மன்னார் டவுனில் பொதுமண்டபத்துக்கு முன்னால் ஒரு பனர் கட்டியிருக்கிறார்கள். தோளுக்கும் முதுகுக்கும் மெதுவான அசைவுப் பயிற்சி, சனிக்கிழமை பின்னேரம் என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டு பாயில் மல்லாந்து கிடக்கும் ஒருவருடைய படத்தையும் போட்டிருக்கிறார்கள். முகம் என்னுடையது மாதிரியே இருக்கிறது. எனக்குத் தெரியாமல் எடுத்திருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். முப்பது பாய் இருக்கும், நாற்பது என்று சொன்னாலும் பிழையில்லை. கந்தோர் ஆட்கள், பள்ளிக்கூட ரீச்சர்மார், மீன்வாடியில் வேலைசெய்கிற பெண்கள், எல்லாரும் படுத்துக் கிடந்து ஒரு தோளை ஒரு விரல்கடை தூக்குவதும் விடுவதுமாக இருந்தார்கள். புதுப் பனையோலைப் பாயின் வாசம் வாசல்வரை வந்தது. எனக்கு மன்னார்த் தீவுத் தாராபுரத்தில் உங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது.

"ஒருநாள் இந்தத் தீவே பாயை விரிச்சு மல்லாந்து கிடக்கப்போகுது நானா" என்று அந்த விறாந்தையில் கிடந்துகொண்டு நான் சொன்னேனா இல்லையா? நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "முதல்ல நீ ஒழுங்காக் கிட" என்றீர்கள்.

மண்டபத்து வாசலில் நின்ற பெண் பெயரைப் பதியச் சொன்னாள். நான் பதிய வந்த ஆள் இல்லை, இந்த மாவட்டத்தில் இதைத் தொடக்கி வைத்த ஆள் என்று விளங்கப்படுத்தினேன். அவள் அதையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நடத்துகிறவர் வேறு யாருமில்லை, ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் உங்களைப் பார்த்த அதே பிசியோதெரபி மிஸ்தான். என்னைக் கண்டதும் "அங்கிள்" என்று ஓடிவந்தா. வருகிற சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் உங்கள் கையின் கதையைப் பத்து நிமிடம் சொல்லச் சொன்னா. ஒரு மணித்தியாலம் தந்தால் சொல்கிறேன் என்றேன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. சொல்லப்போவதை ஒழுங்குபடுத்தத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் எழுத்தைப் பார்த்து அரசாங்கக் கச்சேரியிலேயே வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்குக் கதிரை என்னை வைத்திருக்குதில்லை. இதற்குள் மூன்று தடவை எழும்பிவிட்டேன். ஒரு தடவை உழவு மெசினுக்கு எண்ணெய் பார்க்கப் போனேன். ஒரு தடவை வயலுக்கு. மற்றத் தடவை எதற்கென்றே தெரியாமல் படலையடிவரை போய்த் திரும்பினேன்.

எங்கே தொடங்குவது? உங்கள் தோளில்தான் தொடங்கவேண்டும்.

நாற்பது வருசத்துக்கு மேல் தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருந்த மனிதர் நீங்கள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்திலும் அந்த மெசினை விடவில்லை. திரும்பி வந்து டவுனில் கடையைத் திறந்தபோது முதற் சட்டையை எனக்குத்தான் தைத்தீர்கள். (இரண்டாவது என்று உங்கள் மகன் சொல்லுவார். அவருக்கு அப்போது வயது காணாது.) அந்த வளைவிலேயே முதுகு நின்றுவிட்டது, பிறகு வலது தோள் பூட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடிந்தது, ஏனென்றால் அதற்கு முழங்கை இடுப்போடு கிடந்தால் போதும். சட்டை போட உங்கள் மனைவி, என் மதினி, வேண்டியிருந்தது. அதையெல்லாம் நீங்கள் பகிடியாகவே எடுத்தீர்கள்.

ஒன்றை மட்டும் பகிடியாக எடுக்கவில்லை. தொழுகை தொடங்கும்போது இரண்டு கையையும் காதுவரை உயர்த்தவேண்டும். உங்கள் இடது கை போகும். வலது கை வயிற்றுக்கு மேல் வராது. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் கதிரை போட்டு இருக்கத் தொடங்கினீர்கள். "ஒத்தைக் கையால ஆருக்கோ டாட்டா காட்டுற மாதிரிக் கிடக்குது தம்பி" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, மெசினை வேகமாக மிதித்தீர்கள், நான் பதில் சொல்லாமலிருக்க.

மௌலவி, ஏலுமான அளவு உயர்த்தினால் காணும், அவ்வளவே போதும் என்று சொல்லித்தான் இருந்தார். நீங்களும் தலையாட்டினீர்கள். நான் விடவில்லை. கடையில் நாலு பேர் துணி கொடுக்க நின்ற நேரம், "இந்தக் கையைக் காதுவரை கொண்டுபோய்க் காட்டாட்டி நான் பாலம் தாண்டி இந்தத் தீவுப் பக்கம் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். நாலு பேரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள்.

கிளினிக்குக்கு என் மோட்டார் சைக்கிளில்தான் கொண்டுபோனேன். மிஸ் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். எத்தனை நாளாக நோகிறது, எந்தப் பக்கம் படுப்பீர்கள், எல்லாம். மிஸ் பேனையை வைத்துவிட்டு, "ஐயா, தோள் ஆருடையது?" என்று கேட்டா. நீங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் தோளே பாதி இளகியிருக்கும்.

அவ தந்தது ஒரு பெரிய வித்தையுமில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை மெல்ல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரிப்பது. தோளைத் தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கி விடுவது. விட்டபிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு சும்மா கிடப்பது. அவ்வளவுதான். "எவ்வளவு ஏலுமோ அதில பாதி செய்யுங்கோ ஐயா. நோ வாறதுக்கு முதலே நிப்பாட்டோணும்" என்று இரண்டு தடவை சொன்னா. இரண்டாம் தடவை என்னைப் பார்த்துச் சொன்னா.

பாதியாம். நான் கேதீஸ்வரத்துப் பக்கத்தில் வயல்செய்கிறவன். விவசாயக் கந்தோர் ஏக்கருக்கு அரை மூடை யூரியா என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் எவனும் அரை மூடை போட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒரு மூடை போடுவோம், கண்ணூறு பட்டாலும் என்று ஒரு சட்டி மேலே எறிவோம். எழுதித் தருகிற அளவு பயந்தவர்களுக்கு என்பதுதான் எங்கள் எண்ணம். அதை அப்படியே உங்கள் தோளிலும் போட்டேன்.

உங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பியில் துவாயைக் கட்டி, மற்ற நுனியில் உங்கள் மணிக்கட்டைக் கட்டினேன். பத்துத் தடவை இழுத்தால் பூட்டுத் திறக்கும், இதே முறையில் ஒரு மிலிட்டரி டொக்டரையே நான் சுகப்படுத்தியிருக்கிறேன் என்று சொன்னேன். அப்படி ஒரு டொக்டர் இருந்தாரோ தெரியாது, சொல்லும்போது இருந்தார். மூன்றாம் இழுவையில் நீங்கள் "யா அல்லாஹ்" என்று கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டீர்கள். முகத்தில் இரத்தமே இல்லை.

அதற்குப் பிறகு கத்தரிக்கோலும் பிடிக்க ஏலாமல் போனது. நோன்புப் பெருநாளுக்கு வந்த துணியெல்லாம் தைக்காமல் திருப்பிக் கொடுத்தீர்கள். மதினி படலையடியில் நின்று, குரலை உயர்த்தாமலே சொன்னா.

"தம்பி, உங்களில கோவமில்ல. ஆனா இவர் சுகமாகுமட்டும் இந்தப் பக்கம் வராதேங்கோ."

நான் பாலத்தால் திரும்பிப் போனேன். அன்றைக்குக் காற்று அடித்த அடியில் மோட்டார் சைக்கிள் மூன்று தடவை கடலுக்குள் போகப் பார்த்தது.

ஒரு மாதத்துக்கு மேல் நீங்கள் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் பின்னேர அசர் தொழுகை முடிந்த நேரத்தில் போன் எடுத்தீர்கள். சுகம் கேட்கவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. "பாய் ரெண்டு விரிச்சிருக்கிறன். வந்து மற்றதில படு. வாய் திறக்கப்படாது" என்றீர்கள்.

எனக்கு நோயில்லை என்றேன். "அது எனக்குத் தெரியும். நீ பக்கத்தில நிண்டா நான் அவசரப்படுறன். படுத்தியெண்டா அவசரப்படமாட்டன்."

இப்போது சொல்கிறேன், என் சீவியத்தில் நான் செய்த ஆகக் கடினமான வேலை அதுதான். வெள்ளத்தில் உழவு மெசினோடு குளக்கட்டில் நின்றிருக்கிறேன், ஆமிச் சோதனைப் பொயின்றுகளில் மணிக்கணக்காக வரிசையில் நின்றிருக்கிறேன். ஆனால் ஒரு பாயில் மல்லாந்து, ஒரு தோளை ஒரு விரல்கடை தூக்கி, விட்டு, சும்மா கிடப்பது என்றால் என்னால் முடியவில்லை. மூக்கு அரிக்கும். ஈ வரும். வயலில் யாரோ என் தண்ணீரைத் திருப்புகிறான் என்று தோன்றும். எத்தனை நிமிடம் போனது என்று கேட்பேன். இரண்டு என்பீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, உன்ர பாய் மட்டும் என்னத்துக்குக் கடல்ல கிடக்கிற மாதிரி ஆடுது?"

ஒருநாள் ரோட்டில் திரிகிற கழுதையொன்று படலைக்குள் வந்து, முற்றத்து மணலில் விழுந்து, நாலு காலையும் மேலே போட்டு முதுகை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உரசியது. நாங்கள் இரண்டு பேரும் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். "இது எந்தக் கிளினிக்குக்குப் போனது?" என்று கேட்டீர்கள். சிரித்த சிரிப்பில் என் முதுகு முழுவதும் பாயில் இறங்கியது. எனக்கு ஒரு முதுகு இருக்கிறது, அதற்கு இவ்வளவு நீளம் இருக்கிறது என்று அறுபத்துநாலு வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் மனைவியிடம் போய், மிஸ் என்னைப் பார்த்து இப்படியொரு முதுகை நான் கண்டதில்லை என்று சொன்னதாகச் சொன்னேன்.

கொஞ்சம் கொஞ்சமாக மிஸ் மற்றதையும் சொல்லித் தந்தா. உங்கள் முழங்கையை நான் என் உள்ளங்கையில் ஏந்துவது. ஏந்துகிறவன் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. கை எங்கே போகிறதோ அங்கே பின்னால் போகவேண்டும், நின்றால் நிற்கவேண்டும். நான் பிழைவிடுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தா. நான் விடவில்லை. விட்டிருந்தாலும் இரண்டு மூன்று தடவைதான்.

நாலு மாதம் போனது. ஒரு காலை நீங்கள் போன் எடுத்து, "ராவு வலப்பக்கம் சரிஞ்சு படுத்தன் தம்பி, நோகயில்ல" என்றீர்கள். பத்து வருசத்துக்குப் பிறகு என்று நான் டவுனில் சொன்னேன். ஒன்றரை வருசம் என்று நீங்கள் பிறகு திருத்தினீர்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. படுக்கிறதை யார் பார்க்கிறார்கள்? நான் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. மதினி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நீங்கள் ஜும்ஆவுக்குப் போக வெள்ளைச் சாரம் கட்டி, நீங்களே தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, விறாந்தை நடுவில் வந்து நின்றீர்கள். "பார்ப்பம்" என்றீர்கள். நான் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையைக் கொண்டுபோனேன். கை எழும்பியது. வயிற்றைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது, தோளைத் தாண்டி, காற்றில் பட்டம் ஏறுகிற மாதிரி ஏறி, காதுச்சோணையில் போய் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாங்கு ஒலித்தது. முற்றத்து வேம்பிலிருந்த காகமெல்லாம் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன. இதுதான் நான் எல்லாருக்கும் சொல்லி வருகிற கதை.

நாலு நாளில் நீங்கள் போய்விட்டீர்கள். நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

பள்ளிவாசல் வாசலில், செருப்புகளுக்கு இந்தப் பக்கம், நான் நின்றேன். உள்ளே உங்களை முன்னால் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் நின்றார்கள். அந்தத் தொழுகையில் குனிவதில்லை, கையை மட்டும்தான் உயர்த்துகிறார்கள். நாலு தடவை. அத்தனை கையும் ஒரு சிரமமும் இல்லாமல் காதுவரை போய் இறங்கியது. நான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு தூரம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. குழிக்குள் உங்களை வலப்பக்கம் சரித்து வைத்ததாக மகன் வந்து சொன்னார். ஓம், அந்தப் பக்கம் இப்போது நோகாது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

மையத்து வீட்டில் யாரோ ஒருவர், நல்ல மனதோடுதான், "பாவம் மனுசன், ஒழுங்காக் கையுயர்த்தாமலே போயிட்டார்" என்றார். என்னால் பொறுக்க ஏலவில்லை. "ஆர் சொன்னது? காதுவரைக்கும் உயர்த்தினவர். நான் பார்த்தனான்" என்று சொன்னேன். மதினி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டா. அவ அழுத அழுகையில் கொஞ்சம் சந்தோசம் இருந்தது. அதற்குப் பிறகு இந்தக் கதை பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தானாகவே நடக்கத் தொடங்கிவிட்டது.

இப்போது நான்காவது தடவையாக எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். இனிச் சொல்லவேண்டியதுதான் நேற்று முழுக்க என்னை ஒரு இடத்தில் இருக்கவிடவில்லை.

போன சனிக்கிழமை, பனரைப் பார்த்த அன்றைக்கு, மண்டபத்தில் ஆட்கள் செருப்புப் போடுகிற நேரத்தில் உங்கள் கதையைச் சுருக்கமாக, ஒரு அரை மணித்தியாலத்தில், சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டு தோட்டவெளிக் கிராமத்திலிருந்து வருகிற ஒரு பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கருவாட்டு வாடியில் வேலை. தோள் பூட்டி ஆறு மாதம். தன் கொண்டையைத் தானே முடிய ஏலாது. மகள்தான் முடிந்துவிடுவாள், மகள் படிக்க யாழ்ப்பாணம் போனபிறகு பக்கத்து வீட்டில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "காதுமட்டும் போனதோ ஐயா?" என்று கேட்டாள். "காதுச்சோணைவரை" என்றேன். அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்து, விரல் தலைக்கு மேலும் போனது என்று ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்.

நேற்று அவளை பஸ் ஸ்ராண்டில் கண்டேன். கையைத் துணியால் கழுத்தில் கட்டியிருந்தாள். கூந்தல் கொண்டையாக இல்லை, ஒரு ரப்பர் பட்டியால் சும்மா கட்டிக் கிடந்தது. என்னைக் கண்டதும் அவள்தான் கிட்ட வந்தாள்.

"ஐயா, உங்கட கதையைக் கேட்டபிறகு எனக்குப் பொறுக்கேலாமப் போச்சு. மிஸ் பாதி எண்டுதான் சொன்னவ. நான் சுவரில விரலைப் பிடிச்சுப் பிடிச்சு ஏத்திப் பார்த்தன். ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்திச்சு."

கட்டின கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அவளே கேட்டாள்.

"அவருக்கு எத்தினை நாளில காதுக்குப் போனது? நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ ஐயா."

அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். நான் எதற்கும் பதில் வைத்திருக்கிறவன். தன்னில்தான் பிழை என்று கேட்டாள் நானா. எனக்குக் கிணற்றுக்கட்டில் இருந்த உங்கள் முகம் வந்தது. பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, வராத பஸ்ஸை நோக்கி நடந்தேன். மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டிலேயே விட்டுவிட்டுப் பாலத்தின் பாதித் தூரம் நடந்தபிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை அவள் வருவாள். கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருப்பாள். மிஸ்ஸும் இருப்பா. மதினியையும் கூட்டிக்கொண்டு வருவதாக மகன் சொல்லியிருக்கிறார். மதினியை நினைத்தால்தான் கால் தரையில் நிற்குதில்லை. ஆனால் அந்தப் பெண் இன்னொரு தடவை சுவரில் கையை ஏற்றக்கூடாது. அதனால் சனிக்கிழமை சொல்லப்போவதை முதலில் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். அந்த விறாந்தையில் நின்ற மற்ற ஆள் நீங்கள்தானே.

வெள்ளிக்கிழமை உண்மை. வெள்ளைச் சட்டை உண்மை. பாங்கு அந்த நேரத்தில்தான் ஒலித்தது, அதில் ஒரு புழுகும் இல்லை. உங்கள் கை என் உள்ளங்கையில் இருந்தபடி எழும்பியது, மெல்ல. சட்டையின் மேலிருந்து இரண்டாவது பொத்தானுக்கு நேரே வந்து நின்றது. நான் காத்திருந்தேன். கை போகவில்லை. இன்னும் ஒரு நாலு விரல்கடை நான் கொடுத்தால் என்ன என்று என் உள்ளங்கை தானாகவே எழும்பப் பார்த்தது. நீங்கள் அதை உணர்ந்தீர்கள். உங்கள் கண் பொத்தானில் இருந்தது, துணியில் சோக்கட்டியால் கோடு போட்டபிறகு பார்ப்பீர்களே, அந்தப் பார்வை.

"விடு தம்பி" என்றீர்கள். "எனக்கு இது காணும். உனக்குத்தான் காணாது."

நான் தூக்கவில்லை. தூக்காமல், உங்கள் முழங்கையின் பாரம் முழுவதும் என் உள்ளங்கையில் கிடக்க, நீங்களாகக் கையை இறக்கும்வரை நின்றேன். என் சீவியத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும், அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு காலையும் பாயில் படுத்துத் தோளைத் தூக்கி விடும்போது அந்தப் பாரம் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. மற்றது எதை மறந்தாலும் அது இருக்கிறது.

நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனீர்கள், ஒரு குறையும் இல்லாத மனிதர் போகிற மாதிரி. நான் விறாந்தையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன், டவுனில் இதை எப்படிச் சொல்வது என்று.

காது நான் வைத்தது, நானா.